எண்ணெய் பூசாத பாதி

உட்காருவதற்கென்றே கட்டிக் கொடுத்த இடத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு நாள்கூட நிம்மதியாக உட்காராதவள் நோலா. கட்டிக் கொடுத்தவன் அவள் புருஷன் வாரன். வருஷா வருஷம் அதைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் பூசி, பளபளவென்று வைத்திருந்தவள் அவளேதான். ஆகையால் இதில் யாரைத் திட்டுவது என்பது கொஞ்சம் சிக்கலான விஷயம். ஆஸ்திரேலியாவின் வடக்கே, டவுன்ஸ்வில்லில் அவர்கள் தெருக்காரர்கள் வாரனைத்தான் திட்டுவார்கள். நோலா யாரையும் திட்டியதில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே.

அவளுக்குப் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. விடிந்ததும் போய் முட்டை அவித்து மசிக்க ஆரம்பித்தால், ரொட்டிக்கு வெண்ணெய் தடவி, இறைச்சிப் பணியாரங்களை அடுப்பில் அடுக்கி, மணியடித்தவுடன் பிள்ளைகள் போடுகிற கூச்சலுக்கு நடுவே ஒவ்வொருத்தர் பெயர் எழுதிய காகிதப் பையையும் சரியாக எடுத்து நீட்டி, கடைசியில் தரையைக் கழுவிவிட்டுக் கிளம்புகிறவரை நின்றபடியே செய்கிற வேலை. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் பாதம் இரண்டும் ரொட்டி மாவு போல உப்பியிருக்கும். தையல் பதிந்த தடம் ராத்திரிவரை போகாது.

அந்தக் கால்களை எங்கேயாவது நீட்ட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். நாலு மணிக்கு, எதிரே கடலில் இருக்கிற தீவுப் பக்கமிருந்து கடல்காற்று கிளம்பி வரும். வீட்டுக்குள் அது எட்டிக்கூடப் பார்க்காது. பின்பக்கத்தில், சமையலறைக் கதவுக்கு வெளியே, ஒரு மரத்தளம் போட்டால் காற்றும் வரும், பக்கத்து வீட்டு மாமர நிழலும் வந்து விழும் என்று வாரன்தான் சொன்னான். "நீ வேல விட்டு வந்து காலத் தூக்கிப் போட்டுட்டு உக்காரு. டீகூட நான் போட்டுத் தரேன்" என்றான். அப்போது அவர்களுக்கு வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. அவன் சொன்னதை அவள் நம்பினாள். அவனும் பொய் சொல்லவில்லை.

தப்பு நடந்தது மரம் எடுத்த அன்றைக்கு. அது ஜூலை மாதம், இங்கே குளிர்காலம். இந்த ஊரில் ஜூலையைப் போல ஒரு பொய்க்கார மாதம் கிடையாது. வானம் கழுவிவிட்டது மாதிரி இருக்கும். வியர்வை என்பதே மறந்துபோகும். நல்ல புத்திக்காரர்கள்கூட ஜூலையில் கறுப்புக் காரும், கறுப்புக் கூரைத் தகடும் வாங்கிவிட்டு டிசம்பரில் தலையில் அடித்துக்கொள்வார்கள். வாரனும் நோலாவும் அந்த மாதத்தில், அதுவும் தகரக் கூரைக்கு அடியில் ஜில்லென்று கிடந்த மரக்கடைக்குள் நுழைந்தார்கள்.

கடைக்காரன் துண்டுப் பலகைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினான். பிளாக்பட் என்று ஒன்று. பெயரில்தான் கறுப்பு, மரம் என்னவோ வெளிர்மஞ்சள். கடைசியில் மெர்பாவ். அதன்மேல் ஈரத்துணியை ஒரு தேய் தேய்த்தான் பாருங்கள், பலகை அப்படியே செக்கச்செவேலென்று எழுந்து நின்றது. வாரனுக்கு வாய் மூடவில்லை.

"என்ன கலரு பாத்தியா, நோலா!"

"அந்த வெளுப்பு மரம் நல்லாருக்கே" என்றாள் நோலா.

"அது நோயாளி மாதிரில்ல இருக்கு. இதப் பாரு. கரையான் கிட்ட வராது. நம்ம காலத்துக்கும் தாங்கும்."

அதெல்லாம் உண்மைதான். நோலா ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பலகை மேலும் ஏறி நின்று பார்த்தாள். இந்த ஊர்க்காரர்கள் தரையைக் காலால்தான் பார்ப்பார்கள். கடைக்குப் போனாலும் வெறுங்கால், பெட்ரோல் போடப் போனாலும் வெறுங்கால். ஆனால் ஜூலை மாதத்து நிழலில் எல்லாப் பலகையும் ஒரே ஜில்லிப்புத்தான். "எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு" என்று அவளே தன் வாயால் சொன்னாள். அதை நினைத்து நினைத்து அவள் பின்னால் நொந்துகொண்டது கொஞ்சமல்ல.

முதல் மழைக்கு மெர்பாவ் தன் குணத்தைக் காட்டியது. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி சிவப்பாய்ச் சாயம் இறங்கிப் பலகை இடுக்கெல்லாம் வழிந்து, சிமெண்டுப் பாதையில் ஓடி, தெருவரை போனது. பக்கத்து வீட்டுக் கார்மெல் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏம்மா, யாரக் கொன்னு அடியில வச்சிருக்கே?"

"இன்னும் கொல்லல. யோசிச்சிட்டு இருக்கேன்."

சாயம் ஒரு மழைக்காலத்தோடு நின்றுபோனது. சூடு நிற்கவில்லை. அந்த டிசம்பரிலேயே தெரிந்துவிட்டது, வெயில் ஏறின பிறகு அந்தத் தளத்தில் மனிதர் கால் வைக்க முடியாது என்று. வந்தவர்கள் கதவிலிருந்து படிவரை குதித்துக் குதித்து ஓடினார்கள். உப்பின காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு உட்காருவதென்றால் தளம் எதற்கு? மாமர நிழல் வந்து விழுந்த பிறகும் பலகை தன் சூட்டை விடாது, பிடித்துவைத்துக்கொண்டே இருக்கும். அது ஆறுகிற நேரம் காற்று நின்று கொசு வந்துவிடும். கார்மெல் அதற்கு 'வாரனின் வறுசட்டி' என்று பெயர் வைத்தாள். தெரு முழுக்க அந்தப் பெயர் நிலைத்தது.

"சுடுது, வாரன்" என்றாள் நோலா.

"ஹோஸ் எடுத்துத் தண்ணி அடி. ஆறிடும்" என்றான் வாரன்.

தண்ணீர் அடித்தால் ஆறத்தான் செய்யும், ஒரு சிகரெட் பிடிக்கிற நேரத்துக்கு. அடுத்த வருஷமும் அவள் சொன்னாள். அடுத்த வருஷமும் அவன் ஹோஸைக் காட்டினான். அவனுக்கு அது நிஜமாகவே பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஏனென்றால் வாரன் அந்தத் தளத்தில் வெறுங்காலோடு நடந்ததே இல்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ரயில்வே பட்டறையில் அவன் வேலை பார்த்தபோது, தளம் போடுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, சங்கிலி அறுந்து ஒரு இரும்புப் பாளம் இடது கால்மேல் விழுந்தது. பூட்ஸின் இரும்பு மூக்கு நசுங்கி உள்ளே இறங்கியது. மூன்று விரல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கட்டு மாற்ற உட்கார்ந்த நோலாவிடம் அவன் சொன்னது ஒரே வார்த்தை: "பாக்காத."

நோலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டை அவனே மாற்றிக்கொண்டான். அன்றிலிருந்து அவன் காலை அவள் பார்த்ததில்லை. எழுந்தவுடன் பூட்ஸ், படுக்கும்போது சாக்ஸ். கடற்கரைக்குப் போனாலும் மணலில் பூட்ஸோடு நிற்கிற ஒரே ஆள் அவன்தான். ஊர் முழுக்க வெறுங்காலில் திரிகிற இடத்தில் இது எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நோலா மட்டும் திறப்பாளா என்ன?

ஆக, அவள் 'சுடுது' என்று சொல்லலாம், 'பூட்ஸக் கழட்டிட்டு நின்னு பாரு' என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதெல்லாம் அந்த ஒன்றில்தான் இருந்தது. அவனுக்கு வலிக்கும் என்று அவள் அதை விழுங்கினாள். அப்படி விழுங்கி விழுங்கியே காலம் போயிற்று.

தளத்தை அழகாக வைத்திருப்பது மட்டும் வாரனுக்கு மானப் பிரச்சினை. முதலில் இரண்டு பேருமாகச் செய்தார்கள். பிறகு அவன் முதுகு போய்விட்டது. முட்டி போட்டால் எழ முடியாது. அப்புறம் நோலா மட்டும்தான். மழைக்கு முன்னால் செய்தாக வேண்டும் என்பதால் அது சரியாக அக்டோபர் விடுமுறையில் வந்து விழும். அவளுக்குக் கால் ஓய வேண்டிய இரண்டு வாரம் அது. அந்த இரண்டு வாரமும் அவள் முட்டியில்தான் நின்றாள்.

முதலில் பலகை இடுக்குகளில் சிக்கிய மாஞ்சருகையும் கொட்டையையும் கத்தியால் நெம்பி எடுக்க வேண்டும். அடியில் காற்று போகாவிட்டால் எப்பேர்ப்பட்ட மரமும் மக்கிவிடும். பூந்தொட்டிகளை நகர்த்தி, அவை விட்டுப்போன வட்டக் கறைகளைத் தேய்க்க வேண்டும். பிறகு கழுவுகிற மருந்தை ஊற்றிக் கட்டைப் பிரஷ்ஷால் பலகை போகிற போக்கிலேயே தேய்த்துப் பழைய எண்ணெயை எடுத்து, அலசி, நன்றாகக் காயவிட வேண்டும். அதற்கப்புறம்தான் எண்ணெய். அதுவும் விடியற்காலையில். வெயில் ஏறிவிட்டால் மரம் குடிப்பதற்குள் எண்ணெய் மேலேயே காய்ந்து பிசுபிசுவென்று நின்றுவிடும். மெல்லிசாகப் பூசி, குடித்தது போக மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அந்தத் துணியைச் சுருட்டிப் போடக்கூடாது, வேலியில் விரித்துப் போட வேண்டும். சுருட்டி வைத்தால் இந்த வெக்கையில் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும்.

வாரன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பான். "அந்த மூலைய விட்டுட்ட பாரு." "துடைக்காம விட்டா ஒட்டும்." கெட்ட எண்ணத்தில் இல்லை. தன்னால் முடியவில்லையே என்ற ஏக்கத்தில் வாய் மட்டும் வேலை செய்யும். நோலாவுக்கு அதுவும் தெரியும். தெரிந்தென்ன? முட்டி வலிப்பது அவளுக்குத்தானே.

போன அக்டோபரில் தளம் முழுக்கக் கழுவி முடித்து, காய்ந்த பிறகு, ஒரு காலையில் எண்ணெய் டின்னைத் திறந்தாள். வீட்டுச் சுவரோரத்துப் பலகையில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக நீளவாக்கில் முடித்துக்கொண்டு கைப்பிடிக் கம்பியை நோக்கி நகர்ந்தாள். அந்தப் பக்கம்தான் தோட்டத்துக்கு இறங்குகிற படி. சரியாகப் பாதித் தளம் வந்தபோது வலது முட்டியில் ஏதோ ஒன்று பிசகியது. வலி உயிர் போயிற்று. தவழ்ந்து போய்க் கம்பியைப் பிடித்து எழுந்து படியில் உட்கார்ந்தாள். எதிரே பாதி செக்கச்செவேலென்று, பாதி வெறும் பலகையாக வெளுத்துக் கிடந்தது. அந்த வெளுத்த பாதியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. எரிச்சல்கூட இல்லை, வெறும் அசதி. எத்தனை வருஷத்து அசதி அது!

டின்னை மூடினாள். துணியை வேலியில் விரித்தாள். முன்வாசல் வழியாக உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

"மீதி நாளைக்கா?" என்றான் வாரன்.

"பாக்கலாம்."

பார்க்கலாம் என்றது வாரமாகி, வாரம் மாதமாகியது. முட்டி ஒருவாறு சரியானது. பள்ளிக்கூடம் திறந்தது. வாரன் ஒரு நாள் காலையில் அவளுக்குத் தெரியாமல் தானே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு முட்டி போட்டான். ஒரு முழப் பலகைகூட ஆகவில்லை, முதுகு பிடித்துக்கொண்டது. கார்மெல்தான் வேலி தாண்டி வந்து தூக்கிவிட்டாள். ஆளை வைத்துச் செய்யலாமே என்று அவள் சொன்னதற்கு அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். தன் கையால் முடுக்கிய திருகாணி ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரியும். வேற்று ஆள் அதைத் தொடுவதா?

நவம்பர் வெயில் பூசாத பாதியைச் சாம்பலாக வெளுக்க வைத்தது.

ஒரு நாள் நோலா வேலை விட்டு வந்தபோது அவர்கள் நாய் பெப்பர் தளத்தில் படுத்திருந்தது. அதற்கு வயதாகிவிட்டது, கண்ணும் சரியாகத் தெரியாது. பகல் முழுக்க, தரையிலிருந்து தூக்கிக் கட்டின அந்த வீட்டுக்கு அடியில் மண்ணைத் தோண்டிப் படுத்திருக்கிற நாய். அது இருட்டுவதற்கு முன்னால் தளத்தில் ஏறி அவள் பார்த்ததே இல்லை. இப்போது சாம்பல் பாதியில், நாலு காலையும் பரப்பிக்கொண்டு, வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

நோலா ஷூவையும் சாக்ஸையும் கழற்றினாள். கதவருகில் சிவந்த பலகையில் வலது காலை வைத்தாள். சுரீரென்றது. எடுத்துக்கொண்டாள். சுற்றிக்கொண்டு தோட்டத்து வழியாகப் போய்ப் படியேறிச் சாம்பல் பாதியில் அதே காலை வைத்தாள். சூடு இருந்தது. ஆனால் அது கால் நிற்கிற சூடு. இன்னொரு காலையும் வைத்தாள். நின்றாள். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

ஒரே மரம், ஒரே வெயில். வித்தியாசம் அவள் கை பூசிய எண்ணெயும் அது கொடுத்த கருஞ்சிவப்பும் மட்டும்தான். வெளுக்கப் பார்த்த மரத்தை வருஷா வருஷம் மறுபடியும் கறுக்க வைத்து, வெயிலை வாங்க வைத்தது அவளேதான். முட்டி தேய, விடுமுறை போக, தன் கால் வைக்க முடியாதபடி அவளே பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அவள் அங்கேயே நின்று கொஞ்சம் சிரித்தாள். பிறகு அதுவும் போய் மறுபடியும் அசதிதான் மிஞ்சியது.

வாரனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஹோஸ் வரும்.

டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை, பட்டறையில் கூட வேலை பார்த்தவர்களை வாரன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். வருஷம் ஒருத்தர் வீட்டில் கூடுவது அவர்கள் வழக்கம். இந்த முறை அவன் முறை. தன் தளத்தைப் பற்றி அவர்களிடம் எவ்வளவு அளந்து வைத்திருந்தானோ, அந்த வாரம் முழுக்க அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நோலா, அந்தப் பாதிய முடிச்சிடேன். இப்படி சொறி புடிச்ச மாதிரி கெடந்தா பசங்க என்ன சொல்லுவானுங்க?"

"மாட்டேன்."

"முட்டி வலியா? சொல்லு, வலின்னா வேணாம்."

"முட்டி நல்லாத்தான் இருக்கு. மாட்டேன், அவ்வளவுதான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவன் அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. "சரி விடு" என்று போய்விட்டான். அன்று இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை அவன் மேஜை நாற்காலி, கறி சுடுகிற அடுப்பு எல்லாவற்றையும் சிவந்த பாதியில் சுவரோரமாகப் போட்டான். சாம்பல் பாதியை ஒரு பூந்தொட்டி வரிசையால் மறைத்தான். மூன்று மணிவாக்கில் ஆட்கள் வந்தார்கள். இந்த ஊரில் முன்வாசல் வழியாக யார் வருகிறார்கள்? பக்கவாட்டில் நடந்து வந்து, படிக்கடியில் ரப்பர் செருப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு ஐஸ் பெட்டியோடு ஏறினார்கள். மொத்தம் ஏழெட்டுப் பேர். வயிறும் வழுக்கையுமாக எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள்.

முதலில் ஏறியவர் கிளாரி. பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவர், வாய் சும்மா இருக்காது. பூந்தொட்டியைத் தாண்டிச் சிவந்த பாதியில் கால் வைத்தார். "ஐயோ யாத்தே!" என்று அந்த வயதில் அவர் குதித்த குதிக்கு ஐஸ் பெட்டி உருண்டது. பின்னால் வந்தவன் வைத்தான், அவனும் துள்ளினான். அப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லை. பூந்தொட்டிகளை ஓரமாகத் தள்ளினார்கள். நாற்காலிகளை இழுத்துச் சாம்பல் பாதியில் போட்டுக்கொண்டு, நாயைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுப்பருகே வாரன் ஒற்றையாக நின்றான், பூட்ஸோடு.

"என்னடா எல்லாரும் அங்கயே மந்தையாட்டம் உக்காந்துட்டீங்க? இங்க வாங்கடா, மேஜ இங்கல்ல இருக்கு!"

"மேஜைக்குக் காலு சுடாது. எங்களுக்குச் சுடுது" என்றார் கிளாரி. "கறியோட சேத்து எங்களையும் வறுக்கப் பாக்கிறியா?"

"அப்படி என்னய்யா சுட்டுடும்? கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கும். எல்லாம் பஞ்சு காலாப் போச்சு உங்களுக்கு. நோலா, அந்த ஹோஸ எடு."

கதவு நிலையில் சாலட் பாத்திரத்தோடு நின்ற நோலா நகரவில்லை.

"ஹோஸு கிடக்கட்டும்" என்றார் கிளாரி சிரித்துக்கொண்டே. "வெதுவெதுன்னு சொல்றவரு முதல்ல அந்தப் பூட்ஸக் கழட்டிட்டு நின்னு காட்டட்டும்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த இரும்பை வாரன் காலிலிருந்து நெம்பித் தூக்கினவர்களில் அவரும் ஒருத்தர். சிரிப்பு அப்படியே நின்றது. எல்லோரும் கையிலிருந்த பீரைப் பார்த்தார்கள். "சும்மா சொன்னேன்டா, வாரன்" என்றார் கிளாரி. நோலாவுக்கு அந்த மனிதரை அறைய வேண்டும் போல இருந்தது. அதே நேரத்தில், இருபது வருஷமாகத் தன் தொண்டையில் நின்ற வார்த்தையை ஒருத்தர் வெளியே எடுத்துப் போட்டுவிட்டாரே என்றும் இருந்தது.

வாரன் இடுக்கியைக் கீழே வைத்தான். மேஜையோரத்தில் மிஞ்சிக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான். நண்பர்களைப் பார்க்கவில்லை. நோலாவைத்தான் பார்த்தான். அவள் முகத்தில் என்ன இருந்ததோ, அதிலேயே அவன் கண் நின்றது. பிறகு குனிந்து கயிற்றை அவிழ்த்தான். வலது பூட்ஸ். இடது பூட்ஸ். சாக்ஸ் இரண்டும்.

எழுந்து நின்றான்.

அவன் முகம் மாறியதை நோலா பார்த்தாள். உடனே குதித்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் குதிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். நெற்றியில் வியர்வை முளைத்தது. கதவிலிருந்து படிவரை வந்தவர் போனவரெல்லாம் ஓடினது, நோலா ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு துணி உலர்த்தப் போனது, எல்லாம் அவனுக்கு இப்போதுதான் கால் வழியாக ஏறியது போலிருந்தது.

"போதும், வாரன். வெந்துடும். இந்தப் பக்கம் வா" என்றாள் நோலா.

அவன் கேட்காதவன் மாதிரி நின்றான். அவள் சாலட் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்காலோடு அந்தச் சூட்டில் இறங்கி நடந்து போய், அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாம்பல் பாதிக்குப் போனாள். கிளாரி எழுந்து தன் நாற்காலியை அவனுக்குத் தந்தார். யாரோ ஐஸ் பெட்டியைத் திறந்து அவன் காலடியில் நகர்த்தினார்கள். வாரன் இரண்டு காலையும் பீர் டின்களுக்கு நடுவே ஐஸ் தண்ணீரில் விட்டான். அப்புறம்தான் ஒருத்தன், "அந்த டின்ன நீ குடிச்சிக்க, வாரன், எங்களுக்கு வேணாம்" என்றான். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அவர்கள் கிளம்பிப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வாரன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"ஏன் சொல்லல?" என்றான்.

"வருஷா வருஷம் சொன்னேன். நீ ஹோஸ நீட்டுன."

அவளுக்கு அவன்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இனிமேல் என்னத்தைக் கோபப்பட்டு!

மறுநாள் பிற்பகல் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வெளியே பிரஷ் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் வாரன் கழுவுகிற மருந்தை வாளியில் கரைத்து வைத்துக்கொண்டு, சாம்பல் பாதியில் உட்கார்ந்தபடியே, சிவந்த பாதியின் முதல் பலகையில் இருந்த எண்ணெயை எட்டித் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில், வெளியே எறிவதற்காக மூட்டை கட்டின எண்ணெய் டின்னும் பிரஷ்களும். முதுகைப் பிடித்துக்கொண்டு முக்கிக்கொண்டிருந்தான்.

"விடு. தானா வெளுக்கும்."

"எப்போ?"

"மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டா வெளுத்துடும். நாம ஒண்ணும் செய்ய வேணாம். சருக மட்டும் கூட்டிவிட்டாப் போதும்."

"அப்ப நான் என்ன பண்ண?" என்று கேட்டான் வாரன், பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"டீ போடு. போட்டுத் தரேன்னு சொன்னியே."

அவன் போய் டீ போட்டுக்கொண்டு வந்தான். மாமர நிழல் விழுந்திருந்தது. தீவுப் பக்கமிருந்து காற்று வந்தது. நோலா சாம்பல் பலகையில் இரண்டு காலையும் ஊன்றி நாற்காலியில் சாய்ந்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை, தூக்கம்தான் வந்தது. ஒரு வாய் குடித்ததும் கண் சொக்கியது.

விழித்தபோது டீ ஆறிப்போயிருந்தது. காற்று இன்னும் வீசிக்கொண்டிருந்தது. வாரன் பக்கத்து நாற்காலியில் கடலிருக்கிற திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் கதவருகில் கிடந்தது. நேற்றைய சூட்டில் சிவந்த அவன் இடது கால், மூன்று விரல் இல்லாமல், தழும்பு இழுத்துச் சுருங்கி, அவள் காலுக்குப் பக்கத்தில் பலகைமேல் இருந்தது. நோலா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. பார்க்காதே என்று அவன் சொல்லவில்லை.